பேரீச்சைத் தோப்பில் கரையான்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பேரீச்சை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். முந்திரிக் கொல்லையில் ஒரு மூலையை ஒதுக்கி, அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ, பர்ஹி ரகத் திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டுப் பார்க்கிறார்கள். ஒரு கன்றே சில ஆயிரம் ரூபாய். அதனால் அடிமரத்தில் விரல் அகலத்துக்கு மண் ஏறியதைப் பார்த்ததுமே பதறிப்போய் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

நம் தோப்புகளில் வரும் கரையானுக்கு முதல் தீனி செத்த நார். காய்ந்த மட்டை, அழுகிய வேர், வண்டு குடைந்த குருத்து என்று மரத்தில் ஏதாவது ஒன்று முன்பே செத்திருக்கும். அந்த வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே வரும். செத்ததைத் தின்று தீர்த்து, உயிருள்ள சதைக்குள் இறங்கும்போதுதான் மரத்துக்கு ஆபத்து. ஆகவே ஒவ்வொரு மரத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி: இதில் எது முதலில் செத்தது? அதைக் கண்டுபிடிக்காமல் மருந்து ஊற்றினால் மருந்தும் வீண், மரமும் போகும்.

கையில் இருக்க வேண்டியவை: மழுங்கிய கத்தி, நீளமான திருப்புளி, மண்வெட்டி, டார்ச், மூடி உள்ள சின்ன பாட்டில்.

எல்லா மரத்துக்கும் பொதுவான இரண்டு சோதனை

முதலாவது, உடைத்துப் பார்ப்பது. மண் தடத்தில் ஒரு சாண் நீளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலையில் ஈரமண்ணால் அடைத்திருந்தால் கரையான் நடமாட்டம் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் ஆகியும் அப்படியே கிடந்தால் அது பழைய தடம். கழுவிவிட்டு வேறு காரணத்தைத் தேடுங்கள்.

இரண்டாவது, அட்டை. அட்டைப்பெட்டித் துண்டை நனைத்துச் சுருட்டி, மரத்திலிருந்து ஓரடி தள்ளி ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே ஓட்டுத் துண்டு வைத்து மூடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தோண்டினால் மண்ணுக்குள் எவ்வளவு நடமாட்டம் என்று தெரிந்துவிடும். தோப்பின் நாலு பக்கத்திலும் வைத்தால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் பிடிபடும். செலவே இல்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

அறிகுறி 1: அடிமரத்தில் மண் பூச்சு, கொண்டை பச்சையாகவே இருக்கிறது

அதிகம் வருவது இதுதான். அதிகம் மருந்து வீணாவதும் இதற்குத்தான்.

மண்ணைச் சுரண்டி, கீழே உள்ள மட்டை அடியைத் திருப்புளியால் குத்துங்கள்.

*குத்தினால் சருகு மாதிரி உதிர்கிறது. அதற்கும் உள்ளே கெட்டியாக இருக்கிறது:* காய்ந்த மட்டை அடியை மட்டும் தின்கிறது. மரத்துக்கு இப்போதைக்குக் கேடு இல்லை. கொல்லை ஓரத்து ஈச்சமரங்களைப் பாருங்கள், அடியில் மண் பூசியபடியே வருடக்கணக்கில் நிற்கின்றன. செய்ய வேண்டியது துப்புரவுதான்: முழுதாகக் காய்ந்த மட்டைகளையும் தொங்கும் நாரையும் அறுத்தெடுத்துத் தோப்புக்கு வெளியே கொண்டுபோங்கள். பச்சை மட்டையில் கை வைக்காதீர்கள். மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு, 5 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசலை அடியிலிருந்து ஆள் உயரம் வரை பூசுங்கள். தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது அடியிலிருந்து 2 மீட்டர் உயரம் வரை. பேரீச்சைக்கும் அதையே கடைப்பிடிக்கலாம். 10 லிட்டர் கரைசலுக்கு அரை லிட்டர் எண்ணெய். காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால்தான் தண்ணீரோடு கலக்கும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசி மரத்துக்கு மட்டும் போய்ச் சேரும்.

*திருப்புளி ஒரு அங்குலத்துக்கு மேல் தடையில்லாமல் இறங்குகிறது, அல்லது தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறது:* உள்ளே பொந்து இருக்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான வெள்ளைச் சதை வரை அரித்திருந்தால் துப்புரவோடு நிறுத்த முடியாது. கீழே அறிகுறி 5-ஐயும் படித்துவிட்டு, நிபுணரைக் கூப்பிடுங்கள்.

*பக்கக் கன்று பிரித்த வெட்டில் மட்டும் மண்:* வெட்டுக்காயத்தை மூடாமல் விட்டதன் விளைவு. சுத்தம் செய்து போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். பிளாஸ்டிக் வாளியில்தான் கலக்க வேண்டும், இரும்பு ஆகாது. இனி கன்று பிரிக்கும்போது அன்றைக்கே பூசிவிடுங்கள்.

டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் ஊற்றும் வழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. கரையான் கொஞ்ச நாள் ஒதுங்கும், உண்மை. ஆனால் பேரீச்சைக்கு அடிமரத்தை ஒட்டியே புது வேர் இறங்கிக்கொண்டிருக்கும். எண்ணெய் அதைக் கருக்கிவிடும். வேர் கருகினால் அதைத் தின்ன மறுபடியும் கரையான் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அறிகுறி 2: நட்டு ஒரு வருடம் ஆகாத கன்று வாடுகிறது

கன்றுப் பருவத்தில்தான் கரையான் உண்மையிலேயே உயிரை எடுக்கும். சித்திரை, வைகாசியில் மண் வறண்டு கிடக்கும்போது, தோப்பில் ஈரம் இருப்பது சொட்டுநீர் விழும் இடத்தில் மட்டும்தான்; கரையானும் அங்கேயே கூடும்.

கன்றின் அடியைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள்.

*அசையவில்லை, ஆனால் வாடுகிறது:* முதலில் தண்ணீர். சொட்டுவாயைக் கழற்றிப் பாருங்கள். நம் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைத்துக்கொள்வது சகஜம். பிறகு கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளித் தோண்டி, ஓரடி ஆழத்து மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். மேலே ஈரம், கீழே பொடி என்றால் தண்ணீர் போதவில்லை. நனைந்து நாறுகிறது என்றால் அதிகம். கரையான் கேள்வியே இங்கே எழவில்லை.

*லேசாக அசைகிறது, கழுத்தில் மண் ஒட்டியிருக்கிறது:* குழிக்கு என்ன போட்டீர்கள் என்று யோசியுங்கள். மட்காத சாணி, வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை மட்டை மூடாக்கு, இதில் ஏதாவது கன்றை ஒட்டிக் கிடந்தால் கரையானுக்கு விருந்து வைத்த இடத்திலேயே கன்றையும் நட்டிருக்கிறீர்கள். மூடாக்கைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளுங்கள். மேல்மண்ணை விலக்கி மட்காத எருவை வாரி எடுத்துவிட்டு, வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கி மண்ணோடு கலந்து மூடுங்கள். நான் கன்றுக்கு ஒரு கிலோ போடச் சொல்வது வழக்கம். நிழலுக்கு நட்ட கீற்றும் கம்பும் கரையான் ஏறும் படிகள்தான். கம்பின் அடிக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசலாம். பண்ருட்டி முந்திரி ஆலைப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். ஆனால் அது தோலைப் புண்ணாக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, கன்றின் மேலும் படக் கூடாது.

*இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது:* அந்தக் கன்று முடிந்தது. வருத்தம்தான், ஆனால் அதைச் சும்மா தூக்கி எறியாதீர்கள். கழுத்தைப் பிளந்து பாருங்கள். உள்ளே மண் நிரம்பி இருந்தால் கரையான். மண்ணே இல்லாமல் கறுத்துக் குழைந்திருந்தால் அழுகல். வெள்ளைப் புழு கிடந்தால் வேறு வகைப் பூச்சி. குழியையும் இரண்டடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். பழைய முந்திரி வேரோ பலா வேரோ அங்கே இருக்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் சாய்த்த மரங்களில் மேல்கட்டையை விறகுக்கு எடுத்துவிட்டு, அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டுவிட்ட கொல்லைகள் எத்தனையோ. அப்படிப்பட்ட நிலத்தில் நடும்போது ஜே.சி.பி. வைத்து வேரைக் கிளறி எடுப்பது செலவுதான். நாலு கன்று விலையைவிடக் குறைவான செலவு. குழியை ஒரு மாதம் வெயிலில் ஆறவிட்டு, நன்கு மட்கிய எருவும் புண்ணாக்கும் போட்டு, பிறகு மாற்றுக்கன்று வையுங்கள்.

ஒரே வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு கன்றுக்கு மேல் இப்படிக் கையோடு வந்தால் தனி ஆளாகச் சமாளிக்க நினைக்காமல் வேளாண் அலுவலரை வரவழையுங்கள்.

அறிகுறி 3: நடுக் குருத்து காய்ந்து, இழுத்தால் உருவிக்கொண்டு வருகிறது

பேரீச்சைத் தண்டுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அது போனால் அந்தத் தண்டு அவ்வளவுதான். ஆகவே இன்றைக்கே பாருங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள்.

உருவின குருத்தின் அடி நுனியை மோந்து, பிரித்துப் பாருங்கள்.

- மென்று துப்பிய நாரும் ஓட்டையும் இருந்தால், பக்கத்து மட்டைகளில் கத்தரியால் வெட்டியது போல் வெட்டும் தெரிந்தால், அது காண்டாமிருக வண்டு. கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுத்துவிட்டு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்பக்க மூன்று மட்டைகளின் இடுக்கில் போடுங்கள். வண்டு பெருகுவது எருக்குழியில். அதைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். சுற்றிலும் தென்னை இருக்கும் பாகூர், தவளக்குப்பம் பக்கத்தில் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.
- குழகுழவென்று நாற்றம் அடித்தால் குருத்தழுகல். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வரும். அழுகலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போர்டோ பசை. பாதி ஆழத்துக்கு மேல் போயிருந்தால் நிபுணரைக் கூப்பிடுங்கள்.
- குருத்துக்குள்ளே மண் இருந்தால் மட்டுமே கரையான். அடியிலிருந்து தொடர்ச்சியான தடம் குருத்து வரை போகிறதா என்று பாருங்கள். தடத்தை உடைத்து, மண்ணைக் கழுவி எடுங்கள். குருத்துக்குள் எந்த மருந்தையும் நீங்களாக ஊற்றாதீர்கள்.

அறிகுறி 4: வளர்ந்த மரத்தில் கீழ் மட்டைகள் மொத்தமாக மஞ்சளாகின்றன

அடி மட்டை ஒன்றிரண்டு காய்வது வயது. ஒரே பருவத்தில் ஒரு சுற்று முழுவதும் மஞ்சளானால் வேரைப் பார்க்க வேண்டும்.

மரத்திலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, ஒரு பக்கம் மட்டும், ஓரடி ஆழம் ஓரடி நீளத்துக்குக் குழி எடுங்கள். வரும் வேர்களில் நாலைந்தை எடுத்து உருவிப் பாருங்கள்.

*வேர் கெட்டியாக, உள்ளே வெளுத்து இருக்கிறது:* வேர் நன்றாக இருக்கிறது. சத்துக் குறைவோ உப்போ இருக்கலாம். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பைத் தாங்குவதில் பேரீச்சைக்கு ஈடான பழமரம் குறைவு. ஆனாலும் கடலோரத்தில் கோடையில் போர் தண்ணீர் உவர்க்க ஆரம்பித்தால் இளமரம் முகம் சுண்டிவிடும்.

*மேல்தோல் கழன்று, நடுவில் நரம்பு மட்டும் நிற்கிறது:* நீர் தேங்கி அழுகியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்துகொண்டது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு அழுகிய வேரைத் தேடி அடுத்த கோடையில் கரையான் வரும். பழி முழுவதும் கரையான் மேல் விழும். வடிகால் வெட்டுங்கள். வெள்ளம் கொண்டுவந்த வண்டல் அடிமரத்தைச் சுற்றிப் படிந்திருந்தால் பழைய மட்டத்துக்கு விலக்குங்கள். மரத்துக்குச் சக்தி இருந்தால் புது வேர் விட்டுக்கொள்ளும்.

*வேர் குழாய் மாதிரி உள்ளீடற்று, மண் நிறைந்திருக்கிறது:* இதுதான் கரையான். மற்ற மூன்று பக்கங்களிலும் சின்னக் குழி எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் வேப்பம் புண்ணாக்கும் ஒழுங்கான பாசனமும் போதும். நாலு பக்கமும் என்றால் கூட்டைத் தேட வேண்டும். அறிகுறி 6-க்குப் போங்கள்.

மட்டையில் சின்னச் சின்னக் கறுப்புக் கொப்புளம் வந்து மஞ்சள் தூள் உதிர்ந்தால் அது இலைப் பூஞ்சாணம், நம் கடற்கரை ஈரத்துக்கு வருவது. கரையானோடு சம்பந்தம் இல்லை. மோசமான பழைய மட்டைகளை அறுத்து அப்புறப்படுத்துங்கள்.

அறிகுறி 5: அடிமரத்தில் பழுப்பு நீர் வடிகிறது, புளித்த வாடை, மென்ற நார் வெளியே வருகிறது

இது கரையான் இல்லை. சிவப்புக் கூன்வண்டு. காதை வைத்துக் கேட்டால் சில நேரம் உள்ளே மெல்லும் சத்தமே கேட்கும். மேலே கரையான் மண்ணும் சேர்ந்து பூசியிருக்கும், அதனால்தான் ஏமாறுகிறார்கள். துளையை நோண்டாதீர்கள், புதுக் காயம் உண்டாக்காதீர்கள்; காயத்தின் வாடைக்கே அடுத்த வண்டு வரும். உடனே நிபுணர். தண்டுக்குள் மருந்து செலுத்துவதா, மரத்தையே அப்புறப்படுத்துவதா என்பதை அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தென்னந்தோப்புக்காரருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி 6: எது செய்தாலும் போகிறது, ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது

கூடு எங்கோ அப்படியே இருக்கிறது. மரத்தில் நீங்கள் பார்ப்பது இரை தேடி வந்த வேலையாட்கள் மட்டும்.

கண்ணுக்குத் தெரியும் புற்று இருந்தால் தேடும் வேலை மிச்சம். புற்றே இல்லாத கொல்லையிலும் நிலத்தடிக் கூடு இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பவை இரண்டு. முதல் நல்ல மழைக்கு ஈசல் புறப்படும் துளைகள் ஒன்று. மழைக்காலத்தில் காளான் கொத்தாக முளைக்கும் இடம் இன்னொன்று. அந்தக் காளான் கரையான் கூட்டிலிருந்துதான் கிளம்புகிறது. பார்த்த அன்றைக்கே குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், கோடையில் கண்டுபிடிக்க முடியாது. வரப்பு ஓரம், பழைய அடிக்கட்டை, வேலிப் பனை, பக்கத்துக் கொல்லை என்று எல்லாவற்றையும் சுற்றிப் பாருங்கள்.

புற்றை மண்வெட்டியால் தட்டிச் சமப்படுத்துவதால் ஒரு பயனும் இல்லை. ராணி ஆழத்தில் இருக்கும் வரை சில வாரத்தில் மறுபடி எழும். தோண்டுவதானால் பூஞ்சை வளர்க்கும் அடைகளைத் தாண்டி, கெட்டி மண் அறைக்குள் விரல் நீளத்துக்குப் பருத்து வெளுத்துக் கிடக்கும் ராணியை எடுக்கும் வரை தோண்ட வேண்டும். கையை உள்ளே விடவே கூடாது. பழைய புற்றில் பாம்பு இருக்கும். வளை வாய் மழமழவென்று தேய்ந்திருந்தால் நிச்சயம் ஏதோ ஒன்று போய்வருகிறது. பாம்பு பிடிப்பவரை வைத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

மஞ்சள் பூசி, பால் ஊற்றிக் கும்பிடும் புற்றாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். வீட்டுப் பெண்களின் மனத்தைப் புண்படுத்தி ஒரு விவசாயம் தேவையில்லை; வேறு வழியும் இருக்கிறது. புற்றுக்கும் மரங்களுக்கும் நடுவே இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, வேப்பம் புண்ணாக்கு கலந்த மண்ணால் நிரப்புங்கள். கரையானை முழுதாக நிறுத்தாது. ஆனால் சுத்தமான தோப்பும் ஈரமான வேரும் இருந்தால் மரத்தைக் காப்பாற்ற அது போதும்.

மெட்டாரைசியம் என்ற உயிர்ப் பூஞ்சாணத்தைப் பலர் கேட்கிறார்கள். நல்ல மட்கிய எருவோடு கலந்து, நிழலில் ஈரமாக ஒரு வாரம் மூடி வைத்து, சாயங்காலத்தில் போட்டால் பலன் கிடைக்கும். ஆவணி முதல் தை வரை போடுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் காய்ந்த செம்மண்ணில் தூவினால் பணம்தான் போகும். பூஞ்சாணக் கொல்லியோடு சேர்க்காதீர்கள்.

ரசாயனத்துக்குப் போகும் முன்

மேலே சொன்னவை எல்லாம் செய்தும் உயிருள்ள சதையை அரிப்பது நிற்கவில்லை என்றால் மட்டும் இது. பி.எச்.சி. என்ற பழைய பூச்சிமருந்துப் பவுடரை இன்னும் சிலர் கேட்டு வாங்கப் பார்க்கிறார்கள்; அது 1997-லேயே நாட்டில் தடை செய்யப்பட்டது. மற்ற மருந்துகளுக்கும் தடையும் அனுமதியும் மாறிக்கொண்டே இருப்பதால், வாங்குவதற்கு முன் வேளாண் அலுவலரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அளவு லேபிளில் உள்ளபடி. பர்ஹியைப் பறித்த கையோடு பச்சையாகத் தின்கிறோம், ஆகவே காய் மரத்தில் இருக்கும்போது ஊற்றாதீர்கள். ஆனி, ஆடி அறுவடை முடியட்டும். கிணற்றுப் பக்கமும் வாய்க்கால் பக்கமும் வேண்டாம்.

புற்றுக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எங்கிருந்தாவது வாங்கி நீங்களே போடுவது உயிரோடு விளையாடுவது. ஈரம் பட்டதும் விஷவாயு கிளம்பும், முறிவு மருந்து கிடையாது. உரிமம் பெற்ற ஆட்கள் மட்டும் கையாள வேண்டியது. வீட்டிலும் மோட்டார் கொட்டகையிலும் அது இருக்கவே கூடாது.

யாரை, எப்போது கூப்பிடுவது

இவற்றில் ஒன்று தெரிந்தாலே போதும்: திருப்புளி ஈரச் சதைக்குள் இறங்குவது, பழுப்பு நீர், குருத்துக்குள் மண், அடிமரத்தில் தட்டுப் போன்ற காளான், அடுத்தடுத்த கன்றுகள் சாவது. பெரிய மரம் ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் ஆட்களையும் மாடுகளையும் அடியிலிருந்து விலக்கிவிட்டுக் கூப்பிடுங்கள்.

கடலூர் மாவட்டத்துக்கு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம். புதுச்சேரிக்குக் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம். அருகில் இருக்கும் உழவர் உதவியகத்திலும் சொல்லலாம். போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கட்டணமில்லாத கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே பேசலாம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். கரையானைச் சாராயத்திலோ சானிடைசரிலோ போட்ட பாட்டில், அதில் பெரிய தலையுள்ள காவல் கரையான் நாலைந்தாவது இருக்க வேண்டும், வகையை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். மண்ணோடு ஒரு வேர்த்துண்டு, ஈரத்தாளில் சுற்றியது. மரத்தின் முழுப்படம், அடிமரத்தின் கிட்டப்படம், சுரண்டிய இடத்தின் படம். கடைசியாக என்ன உரம், என்ன மருந்து, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதியது. டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.